மூன்றாவது ஆளுக்கு வாய்ப்பு உண்டா? – 1973 திண்டுக்கல் சொல்லித்தரும் கணக்கு

முதல் ஓட்டு போடப்போகும் யாரும் வீட்டில் ஒரு வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். "ஜெயிக்கிற ஆளாப் பாத்துப் போடு, ஓட்டை வீணாக்காதே." அப்பா சொல்வார், மாமா சொல்வார், டீக்கடையில் பேப்பர் படிக்கும் பெரியவரும் சொல்வார். ஹாஸ்டலுக்கு வந்தால் அங்கே நேர் எதிர் வசனம்: "ரெண்டு கட்சியும் ஒண்ணுதான் மச்சி, மாத்திப் போடு."

யார் சொல்வது சரி? இந்தச் சண்டையைக் கோபம் இல்லாமல், கணக்காகப் போட்டுப் பார்க்க முடியும். அமெரிக்க அதிபர் தேர்தலில் மூன்றாவது வேட்பாளர் ஏன் ஜெயிப்பதே இல்லை என்பது உலகம் முழுக்க அரசியல் மாணவர்கள் படிக்கும் பாடம். அதே பாடத்துக்கு விதிவிலக்காக ஒரு சம்பவம் நம்ம திண்டுக்கல்லிலேயே நடந்திருக்கிறது. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஓட்டு வேறு, சீட்டு வேறு

சிலிக்கான் டையோடை முதல் வருட லேபில் எல்லோரும் பார்த்திருப்போம். 0.2 வோல்ட் கொடுத்தாலும் 0.4 வோல்ட் கொடுத்தாலும் மீட்டர் முள் கிட்டத்தட்ட அசையாது. 0.7 வோல்ட் பக்கம் வந்ததும் கரண்ட் சட்டென்று ஏறும். நம்ம தேர்தல் முறையும் அப்படித்தான். தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கு மட்டும் சீட்டு. இரண்டாவது வந்தவருக்கும் பத்தாவது வந்தவருக்கும் கிடைப்பது ஒன்றே, பூஜ்யம்.

ஒரு சின்ன கணக்கு. 10 தொகுதி, ஒவ்வொன்றிலும் 1,000 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தொகுதியிலும் 'அ' கட்சிக்கு 420, 'ஆ' கட்சிக்கு 380, 'இ' கட்சிக்கு 200. 'இ' வாங்கிய மொத்த ஓட்டு 2,000, அதாவது 20 சதவீதம். சீட்டு? ஒன்றுகூட இல்லை.

இப்போது அதே 2,000 ஓட்டைக் கொஞ்சம் இடம் மாற்றிப் போடுங்கள். மூன்று தொகுதியில் 'இ'க்குத் தலா 410, மீதி ஏழில் தலா 110. மொத்தம் அதே 2,000தான். ஆனால் அந்த மூன்று தொகுதியில் மீதி 590 ஓட்டு 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் 310, 280 என்று பிரிந்தால் மூன்றையும் 'இ' ஜெயித்துவிடும். ஓட்டு ஒன்றுகூடக் கூடவில்லை. அது எங்கே இருக்கிறது என்பதுதான் மாறியது.

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் இது அப்படியே நடந்தது. அ.தி.மு.க. தனியாக நின்று 39-இல் 37 இடங்களை வென்றது. 23 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கிய தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூட இல்லை. பா.ஜ.க., தே.மு.தி.க., பா.ம.க., ம.தி.மு.க. சேர்ந்த மூன்றாவது அணி தி.மு.க.வைவிடக் குறைவான ஓட்டு வாங்கியும் இரண்டு இடங்களைப் பிடித்தது. எங்கே? கன்னியாகுமரியிலும் தருமபுரியிலும். பா.ஜ.க.வுக்கும் பா.ம.க.வுக்கும் ஓட்டு குவிந்து கிடக்கும் இடங்கள் அவை.

பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டுவெர்ஜெ 1950-களிலேயே இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று, மேலே பார்த்த கணக்கு விளைவு. இரண்டாவது, மன விளைவு. மூன்றாவது ஆள் ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்ததும் அவரைப் பிடித்தவர்களே முதல் இருவரில் ஒருவருக்கு ஓட்டை மாற்றிவிடுவார்கள். மாமா சொன்ன வசனம்தான் இது. கணக்கு விளைவு ஓட்டை எண்ணும்போது நடப்பது. மன விளைவு ஓட்டுப் போடும் முன்பே, நம் தலைக்குள் நடப்பது.

அமெரிக்காவில் கதவு இன்னும் குறுகல்

அதிபர் தேர்தலில் மாநிலவாரியாக மொத்தம் 538 தேர்வாளர் ஓட்டுகள். 270 கிடைத்தால் வெற்றி. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் ஓட்டும் போய்விடும்.

1992-இல் ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் சுயேச்சையாக நின்றார். நாடு முழுக்க 18.9 சதவீதம் ஓட்டு வாங்கினார். ஐந்து பேரில் ஒருவர் அவருக்குப் போட்டிருக்கிறார். கிடைத்த தேர்வாளர் ஓட்டு பூஜ்யம். ஏனென்றால் அவர் ஓட்டு எல்லா மாநிலத்திலும் பரவிக் கிடந்தது. எங்கேயும் முதலிடம் இல்லை. 1968-இல் ஜார்ஜ் வாலஸ் வாங்கியது 13.5 சதவீதம்தான். ஆனால் அது தெற்கு மாநிலங்களில் குவிந்திருந்ததால் ஐந்து மாநிலங்களை வென்று 46 தேர்வாளர் ஓட்டு பெற்றார். இனப் பாகுபாட்டை ஆதரித்த அரசியல் அவருடையது. அந்த ஓட்டு தெற்கில் குவிந்ததற்கும் அதுவே காரணம். நம்ம 'இ' கட்சிக் கணக்கின் இரண்டு பாதிகளும் இங்கே இருக்கின்றன.

யாருக்கும் 270 கிடைக்காவிட்டால்? பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும், மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அந்தச் சபை நிறைய இருப்பவர்கள் இரண்டு பெரிய கட்சிக்காரர்கள். அங்கேயும் மூன்றாமவருக்கு வேலை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், அதிபர் பதவி ஒன்றே ஒன்று. அதைத் தொகுதியாகப் பங்கு போட முடியாது. நம்ம ஊரில் சின்னக் கட்சி "எங்களுக்கு ஆறு சீட்டு" என்று பேரம் பேசலாம். அங்கே ஒரே நாற்காலியில் ஆறில் ஒரு பங்கை எப்படி வாங்குவது?

திண்டுக்கல், மே 1973

இவ்வளவு கஷ்டம் என்றால் புதுக்கட்சி எதுவும் எங்கேயும் ஜெயித்திருக்கவே கூடாது. ஆனால் ஜெயித்திருக்கிறது, அதுவும் இங்கே.

1971 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 184 இடங்களை வென்றது. எதிரில் இருந்தது காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ். 1972 அக்டோபரில் கட்சியின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார், நீக்கப்பட்டார். அக்டோபர் 17-இல் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். ஏழே மாதத்தில் திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. வழக்கறிஞர் மாயத்தேவரை நிறுத்தினார்கள். புதுக்கட்சி என்பதால் சொந்தச் சின்னம் கிடையாது. இருந்த பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் இரட்டை இலை. இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த அந்தச் சின்னம் முதலில் நின்று ஜெயித்தது நம்ம தொகுதியில்தான்.

முடிவு? மாயத்தேவர் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகளுடன், ஒரு லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டாவது ஸ்தாபன காங்கிரஸ். மாநிலத்தை ஆண்ட தி.மு.க. மூன்றாவது. மத்தியில் ஆண்ட இந்திரா காங்கிரஸ் நான்காவது.

"எம்.ஜி.ஆர். முகத்துக்கு விழுந்த ஓட்டு" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கவனியுங்கள்.

முதலாவது, அது இடைத்தேர்தல். யார் ஜெயித்தாலும் சென்னையில் ஆட்சி மாறாது. அதனால் "ஓட்டு வீணாகிவிடுமோ, வேண்டாதவர் ஆட்சிக்கு வந்துவிடுவாரோ" என்ற பயம் குறைவு. டுவெர்ஜெயின் மன விளைவு பலவீனமாக இருக்கும் இடம் இது.

இரண்டாவது, ஒரே தொகுதி. 234 தொகுதிக்கும் ஆள், காசு, பூத் ஏஜென்ட் என்று மெல்லிசாகப் பரப்பத் தேவையில்லை. கட்சியின் முழுப் பலத்தையும் ஒரே இடத்தில் இறக்கலாம். மேலே கணக்கில் ஓட்டைக் குவித்தோம் அல்லவா, இங்கே உழைப்பையே குவித்தார்கள்.

மூன்றாவது, கட்சிதான் புதுசு, ஆட்கள் பழசு. ஊர் ஊராக ரசிகர் மன்றங்கள் ஏற்கனவே இருந்தன. போஸ்டர் ஒட்டவும் வீடு வீடாகப் போகவும் பழகிய கைகள் அவை.

நான்காவதுதான் மிக முக்கியம். திண்டுக்கல்லில் அ.தி.மு.க. ஒரு எம்.பி.யை மட்டும் பெறவில்லை. "தி.மு.க.வுக்கு எதிரான ஓட்டு இனி எங்கே போக வேண்டும்" என்ற கேள்விக்கு ஊரறியப் பதில் சொல்லிவிட்டது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது ஸ்தாபன காங்கிரஸ். அன்றிலிருந்து, ஆட்சி பிடிக்காதவர் கண்ணுக்கு முதலில் தெரிந்தது இரட்டை இலை. மாமாவின் வசனம் இப்போது அ.தி.மு.க.வுக்குச் சாதகமாக வேலை செய்ய ஆரம்பித்தது: ஜெயிக்கிற ஆளாப் பாத்துப் போடு!

1977 ஜூனில் நான்கு முனைப் போட்டி. அ.தி.மு.க. சுமார் 30 சதவீத ஓட்டில் 130 இடம். தி.மு.க. சுமார் 25 சதவீதத்தில் 48. காங்கிரஸ் 17 சதவீதத்துக்கு மேல் வாங்கி 27. ஜனதா கிட்டத்தட்ட 17 சதவீதம் வாங்கியும் 10 இடம்தான். 30-க்கும் 17-க்கும் இடையே ஓட்டில் இரண்டு மடங்குகூட வித்தியாசம் இல்லை. சீட்டில் 13 மடங்கு. அந்த 0.7 வோல்ட்டைத் தாண்டியவருக்கும் தாண்டாதவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

ஆக, இந்த முறையில் மூன்றாவது கட்சி மூன்றாவதாக இருந்துகொண்டே ஜெயிப்பதில்லை. பெரிய தேர்தலுக்கு முன்பே, ஏற்கனவே இருக்கும் இருவரில் ஒருவரைக் கீழே தள்ளி, "நான் இனி மூன்றாவது இல்லை" என்று காட்டியவர்தான் ஜெயிக்கிறார்.

லிங்கன் கதையும் இதேதான்

அமெரிக்காவிலும் ஒருமுறை இது நடந்திருக்கிறது. இன்று பெரிய கட்சியாக இருக்கும் குடியரசுக் கட்சி 1854-இல் புதுசாகத் தொடங்கியது. அப்போது இருந்த இரண்டு கட்சிகள் ஜனநாயகக் கட்சியும் விக் கட்சியும். அடிமை முறை விவகாரத்தில் விக் கட்சி உடைந்தது. 1856 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி ஜெயிக்கவில்லை. ஆனால் இரண்டாவது வந்தது. "எதிர்த்தரப்பு யார்" என்பது தெளிவாகிவிட்டது. 1860-இல் நான்கு முனைப் போட்டி. லிங்கன் 40 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவான ஓட்டில் அதிபரானார். 1973-ஐயும் 1977-ஐயும் இதன் மேல் வைத்துப் பாருங்கள், அச்சு அசலாகப் பொருந்தும்.

பெரோவிடம் இல்லாதது இதுதான். அவர் நேராக அதிபர் நாற்காலிக்குப் போனார். கீழே சபையில் ஆள் இல்லை, மாநிலத்தில் ஆள் இல்லை. அவர் பிறகு தொடங்கிய சீர்திருத்தக் கட்சியில் மல்யுத்த வீரர் ஜெஸ்ஸி வெஞ்சுரா 1998-இல் மினசோட்டா மாநில ஆளுநராக மும்முனைப் போட்டியில் 37 சதவீதத்தில் ஜெயித்தார். அது அவர்களுடைய திண்டுக்கல் ஆகியிருக்கலாம். ஆனால் பின்னால் வர இன்னொரு மாநிலம் இல்லை. அப்போது எந்தப் பெரிய கட்சியும் உடையவும் இல்லை.

இன்னொரு வழி: கூட்டணி

எல்லோராலும் திண்டுக்கல் செய்ய முடியாது. முடியாதவர்கள் நம்ம ஊரில் என்ன செய்கிறார்கள்?

விஜயகாந்த் 2005 செப்டம்பரில் மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். 2006-இல் தனியாக நின்று 8.4 சதவீதம் வாங்கினார். ஜெயித்தது விருத்தாசலத்தில் அவர் ஒருவர் மட்டும். 2011-இல் அ.தி.மு.க. கூட்டணியில் 41 இடத்தில் நின்று 29-ஐ வென்றார், எதிர்க்கட்சித் தலைவரும் ஆனார். அப்போது வாங்கிய ஓட்டு 7.9 சதவீதம், அதாவது 2006-ஐவிடக் குறைவு! 2016-இல் மறுபடி மூன்றாவது அணி, 2.4 சதவீதம், பூஜ்யம். உளுந்தூர்பேட்டையில் அவரே மூன்றாவது வந்து டெபாசிட் இழந்தார்.

நம்ம திண்டுக்கல் சட்டமன்றத் தொகுதியிலும் பாருங்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் பாலபாரதி 2001, 2006, 2011 என்று மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தார். மூன்று முறையும் கட்சி ஏதோ ஒரு பெரிய கூட்டணியில் இருந்தது. 2016-இல் மக்கள் நலக் கூட்டணியாகத் தனியே நின்றபோது இந்தத் தொகுதி மட்டுமல்ல, மாநிலத்தில் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. 2024-இல் தி.மு.க. கூட்டணியில் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியை அதே கட்சியின் சச்சிதானந்தம் வென்றார்.

கமல்ஹாசன் 2021-இல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். 2024-இல் தி.மு.க. கூட்டணிக்குப் போனார், 2025-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அமெரிக்காவில் சுயேச்சையாக நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியர் 2024 ஆகஸ்டில் பிரசாரத்தை நிறுத்தி டிரம்பை ஆதரித்தார். பிறகு அமைச்சரவையில் சேர்ந்தார். அங்கே தொகுதிப் பங்கீடு இல்லாததால் விலகிக்கொள்வதே கூட்டணி.

அப்போ என் ஓட்டு வீணா?

நேர்மையாகச் சொன்னால், இதற்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. லாபம், நஷ்டம் இரண்டையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

நஷ்டம் முதலில். 2000-இல் ஃபுளோரிடா மாநிலத்தில் புஷ், ஆல் கோரை 537 ஓட்டில் முந்தினார். அதனால் அதிபரும் ஆனார். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488 ஓட்டு. அவர் இல்லாவிட்டால் அவர்களில் பலர் ஓட்டே போட்டிருக்க மாட்டார்கள். சிலர் புஷ்ஷுக்கும் போட்டிருப்பார்கள். ஆனாலும் வித்தியாசம் 537தான். மூன்றாவது ஆளுக்குப் போடும் ஓட்டு, நமக்குக் கொஞ்சமும் பிடிக்காதவரை ஜெயிக்கவைக்கலாம். இதை மறைத்துவிட்டு "மனசாட்சிப்படி போடு" என்று சொல்வது பாதி அறிவுரை.

இப்போது லாபம். நம்ம நாட்டு விதிப்படி, ஒரு இடம்கூட ஜெயிக்காத கட்சியும் மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு வாங்கினால் மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெறும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் நாம் தமிழர் கட்சி தன் கரும்பு விவசாயி சின்னத்தை இழந்து மைக் சின்னத்தில் நின்றது. 39 தொகுதியில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் 8 சதவீதத்தைத் தாண்டியதால் 2025 ஜனவரியில் அங்கீகாரம் வந்தது. இனி சின்னத்தைத் தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு தொகுதியிலும் தோற்ற ஓட்டுகள் சேர்ந்துதான் அதைச் செய்தன. அதேபோல 2006-இல் "வீணான" 8.4 சதவீதம்தான் 2011-இல் 41 சீட்டு கேட்கும் விலையானது.

ஆக, ஓட்டு வீணா இல்லையா என்பது கட்சியைப் பொறுத்து மட்டும் இல்லை. அந்தத் தேர்தலையும் தொகுதியையும் பொறுத்தது. ஒரு மூன்றாவது கட்சி உங்களிடம் வந்து நின்றால் நான்கு கேள்வி கேளுங்கள்:

1. இவர்களுடைய ஓட்டு எங்காவது குவிந்திருக்கிறதா, இல்லை எல்லா இடத்திலும் மெல்லிசாகப் பரவியிருக்கிறதா?

2. ஏற்கனவே இருக்கும் இரண்டு பெரிய கட்சிகளில் ஏதாவது ஒன்று உடைகிறதா, தேய்கிறதா?

3. பெரிய தேர்தலுக்கு முன் ஒரு இடைத்தேர்தலிலோ உள்ளாட்சியிலோ இவர்கள் முதலிடமோ இரண்டாமிடமோ வந்து காட்டியிருக்கிறார்களா?

4. என் தொகுதியில் முதல் இருவருக்கும் இடையே போட்டி நெருக்கமா? நெருக்கம் என்றால், அந்த இருவரில் யார் வந்தாலும் எனக்கு ஒன்றுதானா?

முதல் மூன்றும் "ஆம்" என்றால் அது இன்னொரு 1973 ஆகலாம். மூன்றும் "இல்லை" என்றால், நீங்கள் போடுவது வெற்றிக்கான ஓட்டு அல்ல, அங்கீகாரத்துக்கோ பேரத்துக்கோ போடும் ஓட்டு. அதுவும் ஒரு வேலைதான், தெரிந்தே செய்யுங்கள். நான்காவது கேள்விக்குப் பதில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை மாமாவும் சொல்ல முடியாது, ரூம்மேட்டும் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரையில் வேண்டுமென்றே 2024 வரையிலான தேர்தல் கணக்குகளை மட்டுமே எடுத்தேன். அதற்குப் பிறகு வந்த, வரப்போகிற புதுக்கட்சிகளை இந்த நான்கு கேள்வியில் வைத்து நீங்களே மார்க் போடுங்கள். வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். ஹாஸ்டலில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் ஓட்டைப் போடப் போகாமல் விட்டால், மேலே பார்த்த எந்தக் கணக்கிலும் அது வராது. உண்மையில் வீணாகும் ஓட்டு அது ஒன்றுதான்.